உணவுக்குழாயில் அரிய கட்டியா? முதலில் அதன் பெயரைக் கண்டுபிடியுங்கள்: திருகோணமலைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாமா சோற்றுக்கு இரண்டாவது அகப்பை சொதி கேட்கத் தொடங்கியபோதே நாங்கள் விழித்திருக்க வேண்டும். தன் கைப்பக்குவம் கூடிவிட்டது என்று மாமிக்கு ஒரே பெருமை. உண்மையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொதியை ஊற்றி ஊற்றி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு புட்டை விட்டார், ரொட்டியை விட்டார், கேட்டால் "பல்லுக்கு ஏலாது" என்றார். திருக்கடலூரிலிருந்து முப்பது வருடம் கடலுக்குப் போன மனிதர், ஒரு துண்டு மீனைப் பத்து நிமிடம் மென்றார். இதற்கிடையில் ஆறு மாதமாகக் கஸ்ரைட்டிஸ் குளிசை வேறு.

கடைசியில் வாய் வழியாகக் கமரா விட்டுப் பார்த்தபோது (எண்டோஸ்கோப்பி) உணவுக்குழாயில் ஒரு கட்டி இருந்தது. அதுவும் வழக்கமாக வருகிற வகை அல்ல. அடுத்த ஒன்றரை வருடத்தில் நான் கேட்டும் வாசித்தும், சில டொக்டர்மாரிடம் ஏச்சு வாங்கியும் அறிந்துகொண்டதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல. கிளினிக்கில் டொக்டருக்கு முன்னால் இருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் எதைக் கேட்பது, எதைக் கையில் வைத்திருப்பது என்று தெரியாமல் நாங்கள் தடுமாறியதுபோல நீங்களும் தடுமாறக்கூடாது. அதற்காகத்தான் இது.

அரிய கட்டி என்றால் எது?

பள்ளிக்கூடத்தில் 'களம்' என்று படித்தோமே, அதுதான் உணவுக்குழாய். தொண்டையிலிருந்து இரைப்பை வரை ஏறத்தாழ 25 செ.மீ. நீளம். சுவரில் உள்ளிருந்து வெளியே சளிப்படலம், அதற்கு அடியிலுள்ள படை, தசைப்படை, கடைசியில் தளர்ந்த இழையம் என்று அடுக்கடுக்காக இருக்கும். குடலைச் சுற்றி இருப்பதுபோன்ற இறுக்கமான வெளியுறை இதற்கு இல்லை. அதனால் ஒரு புற்று சுவரைத் தாண்டிவிட்டால் பக்கத்திலேயே சுவாசக்குழாயும் பெருநாடியும்தான்.

இங்கே வரும் புற்றுநோய்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இரண்டே வகை. ஒன்று உள்படலத்தின் செதிட்கலங்களில் தொடங்குவது. புகையிலை போட்ட வெற்றிலை, சிகரெட், சாராயம் எல்லாம் இதற்கு உரம். மற்றது இரைப்பைக்குக் கிட்ட வரும் சுரப்பிப் புற்று. நெடுங்கால நெஞ்செரிவும் உடற்பருமனும் அதன் பின்னணி. இந்த இரண்டும் போக மிஞ்சுவதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். தசையில் வரும் லியோமயோமா, தசைப்படையிலேயே வந்தாலும் முற்றிலும் வேறான கிஸ்ட் (GIST, நீர்ப்பையான 'சிஸ்ட்' அல்ல), நரம்பைச் சுற்றியுள்ள கலங்களிலிருந்து வரும் கிரானுலர் செல் கட்டி, தொண்டைக்குக் கீழே தொங்கும் நீண்ட பொலிப், சிறுகலப் புற்று, மெலனோமா (நிறக் கலங்களின் புற்று), லிம்போமா (நிணநீர்க் கலங்களின் புற்று), நூற்கும் கதிர் வடிவக் கலங்கள் கொண்ட கதிர்க்கலப் புற்று என்று பட்டியல் நீளும். இவற்றில் சில வாழ்நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். சில மாதங்களில் ஆளைச் சாய்த்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் 'கட்டி'தான்.

ஆகவே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அரிய கட்டியில் முதல் வேலை வைத்தியம் அல்ல, பெயர். பெயர் மாறினால் மருந்து மாறும், கத்தி வேண்டுமா வேண்டாமா என்பதே மாறும்.

படி 1: தட்டைப் பாருங்கள்

விழுங்கக் கஷ்டப்படுகிறவர் பெரும்பாலும் அதைச் சொல்லமாட்டார், சாப்பாட்டை மாற்றிக்கொள்வார். வீட்டில் சமைக்கிறவருக்குத்தான் முதலில் தெரியும். முதலில் காய்ந்த புட்டு, ரொட்டி, இறைச்சி இறங்காது. பிறகு சோறு. பிறகு இடியப்பம் சொதி. கடைசியில் தண்ணீர். கெட்டியிலிருந்து நீருக்கு இப்படி இறங்கி வந்தால், குழாயை ஏதோ ஒன்று அடைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலிருந்தே சோறும் தண்ணீரும் சேர்ந்து சிக்கினால் அது குழாயின் அசைவுக் கோளாறாக இருக்க இடமுண்டு. இந்த வித்தியாசத்தை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இத்துடன் மெலிவு, குரல் கரகரப்பு, சாப்பிடும்போது இருமல், கறுத்த மலம், இரத்தச்சோகை ஏதாவது சேர்ந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். எங்கள் ஊரில் மார்பில் எது வந்தாலும் 'கஸ்ரைட்டிஸ்'. ஒமேப்ரசோல் நல்ல மருந்துதான். ஆனால் விழுங்கும் கஷ்டத்துக்கு அதை மாதக்கணக்கில் குடித்துப் பார்ப்பது தவறு. விழுங்க முடியவில்லை என்றால் கமரா பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் அரச வழிகாட்டியே இரண்டு கிழமைக்குள் பார்க்கச் சொல்கிறது.

இதற்கு எதிர்மாறும் உண்டு. சின்ன லியோமயோமா, கிரானுலர் செல் கட்டி எல்லாம் எந்தக் குணமும் காட்டாது. வேறு எதற்கோ கமரா விடும்போது தற்செயலாகக் கண்ணில் படும். அப்படிப் பட்டால் பயந்து ஓடத் தேவையில்லை. நிதானமாகப் பெயரைத் தேடலாம்.

படி 2: கமரா

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவிலிருந்தோ, மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கத்து வைத்தியசாலையிலிருந்தோ சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குவதுதான் வழமையான தொடக்கம். கடிதத்தில் 'வயிற்றுவலி' என்று போகாமல் 'விழுங்கக் கஷ்டம், இத்தனை மாதம், இத்தனை கிலோ குறைந்தது' என்று எழுதுவியுங்கள். வரிசையில் உங்கள் இடத்தை அந்த ஒரு வரி மாற்றும்.

முதல் நாள் இரவுக்குப் பிறகு சாப்பாடு இல்லை. குறைந்தது ஆறு முதல் எட்டு மணி நேரம் வயிறு காய வேண்டும். ஏற்கெனவே அடைப்பு இருந்தால் பழைய சோறு குழாயிலேயே தங்கி நிற்கும், ஆகையால் முதல் நாள் முழுக்க நீராகாரம் நல்லது. குளோப்பிடோகிரெல், வார்பரின் போன்ற இரத்தம் இளக்கும் மருந்து குடிப்பவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீரிழிவுக் குளிசையை அன்று காலை என்ன செய்வது என்றும் கேளுங்கள். தொண்டைக்கு மரக்க மருந்து அடிப்பார்கள். ஐந்து பத்து நிமிட வேலை. ஓங்காளம் வரும், மூச்சு நிற்காது. மாமா வெளியே வந்து சொன்னது: "கடலில் உப்புத்தண்ணி குடிச்ச மாதிரி, அவ்வளவுதான்."

அறிக்கையில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, கட்டி முன்பற்களிலிருந்து எத்தனை செ.மீ. தூரத்தில் இருக்கிறது. உணவுக்குழாய் ஏறத்தாழ 15-ல் தொடங்கி 40-ல் இரைப்பையைத் தொடும். மாமாவுக்கு 34, அதாவது கீழ்ப்பகுதி. சத்திரசிகிச்சை கழுத்து வழியா மார்பு வழியா என்பதெல்லாம் இந்த எண்ணில் தங்கியிருக்கிறது. இரண்டு, மேலே உள்ள படலம் எப்படி இருக்கிறது என்ற வரி.

படி 3: புண்ணா, வழுவழுப்பா?

எல்லாம் பிரிகிற சந்தி இதுதான்.

படலம் கிழிந்து புண்ணாகவோ பூக்கோவா போலவோ இருந்தால் அங்கேயே துண்டு எடுப்பார்கள். ஒன்றிரண்டு போதாது. ஆறு முதல் எட்டுத் துண்டு எடுப்பது நல்ல வழக்கம். சிறுகலப் புற்று, கதிர்க்கலப் புற்று, மெலனோமா எல்லாம் பெரும்பாலும் இந்தப் பக்கம். கறுப்பு நிறத்தில் ஒரு மேடு இருந்தால் மெலனோமாவை நினைக்க வேண்டும். ஆனால் நிறமே இல்லாத மெலனோமாவும் உண்டு, அதுதான் ஆளை ஏமாற்றும்.

மேலே படலம் பளபளவென்று நல்லாக இருந்து, அடியில் பந்து வைத்தது போலத் தள்ளிக்கொண்டிருந்தால் கதை வேறு. கட்டி சுவருக்குள் இருக்கிறது. சாதாரண இடுக்கியால் கிள்ளினால் மேல்தோல்தான் வரும். எங்களுக்கு நடந்தது அப்படியே. ஓர் இடத்தில் கிள்ளி அனுப்பினார்கள், 'சாதாரண படலம், புற்று இல்லை' என்று ரிப்போர்ட் வந்தது. மாமி கோணேசர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார், நாங்கள் நான்கு மாதம் நிம்மதியாக இருந்தோம். அந்த ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தது. மேல்தோல் நல்லாக இருக்கிறது என்றுதான் அது சொன்னது, கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதே இடத்தில் ஆழமாகக் கிண்டுவதும் சரியல்ல. அது லியோமயோமாவாக இருந்தால், பிறகு படலத்துக்குச் சேதமில்லாமல் வித்துப்போலக் கட்டியை மட்டும் உரித்தெடுக்கலாம். முன்பே கிண்டியிருந்தால் காயம் ஆறிப் படலம் கட்டியோடு ஒட்டிக்கொள்ளும். உரிக்கும்போது கிழியும். ஆகவே வழுவழுப்பான மேடு என்றால் டொக்டரிடம் கேட்க வேண்டியது: "சேர், உள்ளே இருந்து ஸ்கான் பார்க்கிற கமரா தேவையா?"

படி 4: உள்ளிருந்து ஸ்கான்

கமராவின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் பொருத்தியிருப்பார்கள். ஈ.யூ.எஸ். என்பார்கள். எல்லா ஊரிலும் கிடையாது, பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். உணவுக்குழாய்ச் சுவரை அது ஐந்து கோடாகக் காட்டும், வெள்ளை கறுப்பு மாறி மாறி. கட்டி எந்தக் கோட்டில் பிறந்திருக்கிறது என்பதே பாதி விடை. நான்காவது, கறுப்பான தசைக் கோட்டில் ஒரே சீராகக் கறுத்திருந்தால் லியோமயோமா அல்லது கிஸ்ட். மூன்றாவது கோட்டில் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் கொழுப்புக் கட்டி. இரண்டாம் மூன்றாம் கோட்டில் சிறிதாக, மேலே மஞ்சள் கலந்த வெள்ளையில் கடைவாய்ப்பல் போல இருந்தால் கிரானுலர் செல். உள்ளே வெறும் நீர் என்றால் பிறவியிலேயே வந்த நீர்ப்பை. அதில் ஊசி போட்டால் கிருமி தொற்றும், அதனால் சும்மா குத்தமாட்டார்கள்.

சில நேரம் கட்டியே இருக்காது. வெளியே உள்ள பெருநாடியோ வீங்கிய நிணநீர்க் கணுவோ குழாயை நெருக்கிக்கொண்டிருக்கும். நம் நாட்டில் காசநோயை மறக்கக்கூடாது. மார்புக்குள் காசநோய்க் கணு உணவுக்குழாயை அழுத்தி, புண்ணாக்கி, அச்சொட்டாகப் புற்றைப்போல நடிக்கும். ஆறு மாதக் குளிசையில் தீர்கிற நோய்க்கு யாராவது நெஞ்சைத் திறந்தால் எப்படி இருக்கும்?

ஈ.யூ.எஸ். வழியாகவே ஊசி விட்டுத் துண்டு எடுக்கலாம். "குத்தினால் பரவிடும்" என்று யாராவது ஒரு பெரியம்மா கட்டாயம் சொல்வார். எங்களுக்கும் சொன்னார்கள். ஊசியால் பரவுவது மிக மிக அரிது. பெயர் தெரியாமல் போகும் மாதங்கள்தான் ஆபத்து.

கூடவே மார்புக்கும் வயிற்றுக்கும் சாய ஊசி போட்டு சி.டி. ஸ்கான். அதற்கு முன் சிறுநீரக இரத்தப் பரிசோதனை, மெட்போர்மின் குடிப்பவர்களுக்கு அதை நிறுத்துவதா என்ற கேள்வி. பரவும் வகை என்று சந்தேகம் இருந்தால் பெட் (PET) ஸ்கான். பழைய பேரியம் எக்ஸ்ரேயை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். வெள்ளைச் சாந்தைக் குடிக்க வைத்து எடுக்கும் அந்தப் படத்தில் லியோமயோமா அரைநிலவு வடிவில் ஒழுங்கான விளிம்போடு தெரியும். கட்டி எவ்வளவு நீளம், எவ்வளவு அடைப்பு என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

படி 5: துண்டுக்குப் பெயர் வைத்தல்

என்னைக் கேட்டால் முழு வைத்தியத்திலும் முக்கியமான ஆள் நாம் ஒருபோதும் சந்திக்காத நோயியல் வைத்தியர்தான். துண்டை போர்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மயிரிழையிலும் மெலிதாகச் சீவி, நிறமூட்டிப் பார்ப்பார். வழக்கமான ஊதா, இளஞ்சிவப்பு நிறத்தில் அரிய கட்டிகள் பல ஒன்றுபோலவே தெரியும். அங்கேதான் இம்யூனோ சாயங்கள் வருகின்றன. கலத்தில் குறிப்பிட்ட புரதம் இருந்தால் மட்டும் பிடிக்கும் சாயங்கள் அவை.

லியோமயோமாவையும் கிஸ்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நீண்ட கதிர் வடிவக் கலம். டெஸ்மின் பிடித்து, கிட் பிடிக்காவிட்டால் லியோமயோமா. கிட்டும் டொக்-1-உம் பிடித்தால் கிஸ்ட். கிட்டை சிடி-117 என்றும் எழுதுவார்கள். அதை ஸ்கான் என்று நினைத்து "இன்னும் 117 ஸ்கானா?" என்று மாமி அழுதது தனிக் கதை. உணவுக்குழாயில் லியோமயோமாதான் தீங்கற்ற கட்டிகளில் அதிகம் வருவது, கிஸ்ட் மிகக் குறைவு. இரைப்பையில் இது தலைகீழ். அதனால் உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்துக்குக் கிட்டக் கட்டி இருந்தால் ஊகிக்கவே கூடாது, சாயம் போட்டே தீர வேண்டும்.

கிரானுலர் செல் கட்டியில் எஸ்-100 பிடிக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்தத் தீங்கற்ற கட்டிக்கு மேலே உள்ள படலம் தானாகத் தடித்து, வேர்விட்டு, செதிட்கலப் புற்றைப்போலத் தோற்றம் காட்டும். மேலோட்டமான துண்டை மட்டும் பார்த்தால் 'புற்று' என்று எழுத இடமுண்டு. ஒரு செ.மீ. பருவுக்காக முழு உணவுக்குழாயையும் வெட்டும் நிலை அதனால் வரலாம். நேர்மாறாகவும் நடக்கும். மரு போன்ற வெருக்கஸ் புற்றின் மேற்பரப்பைக் கிள்ளினால் ரிப்போர்ட் 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்றே வரும். அடியில் அது வளர்ந்துகொண்டிருக்கும்.

எஸ்-100 மெலனோமாவிலும் பிடிக்கும். அதனால் கூடவே எச்.எம்.பி.-45, மெலன்-ஏ போடுவார்கள். மெலனோமா என்று உறுதியானால் தோல், கண், மலவாசல் எல்லாம் பார்த்து, வேறிடத்திலிருந்து வந்ததா என்று தேட வேண்டும். சிறுகலப் புற்றுக்கு சினப்டோபைசினும் குரோமோகிரானினும். அதற்கும் நுரையீரலில் தாய்க்கட்டி இல்லை என்று சி.டி.யில் உறுதிப்படுத்த வேண்டும். லிம்போமாவுக்கு சிடி-20. தொங்கும் கொழுப்புப் பொலிப்புக்கு எம்.டி.எம்.-2 பார்க்கச் சொல்லுங்கள். முன்பு சாதாரண பொலிப் என்று பெயர் வைத்த பெரிய தொங்கு கட்டிகள் பலவற்றை இந்தச் சோதனை வந்த பிறகு திரும்பப் பார்த்தபோது, கொழுப்பு இழையத்தின் புற்றாக, லிப்போசார்கோமாவாக இருந்தது தெரியவந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ரிப்போர்ட்டில் 'சாத்தியம்', 'ஒத்துப்போகிறது', 'மேலும் சாயம் தேவை' என்ற சொற்கள் இருந்தால் அது முடிவல்ல. மெழுகு புளொக் எந்த ஆய்வுகூடத்தில் இருக்கிறது, அதன் எண் என்ன என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அபிப்பிராயத்துக்கு மறுபடி துண்டு எடுக்கத் தேவையில்லை, அந்த புளொக் பயணம் செய்தால் போதும். இதைக் கேட்பது எந்த டொக்டருக்கும் அவமரியாதை அல்ல. ஒழுங்கான டொக்டர் தானே அனுப்புவார்.

மாமாவின் இரண்டாவது துண்டு இப்படித்தான் பேசியது: கிட் பிடித்தது, டொக்-1 பிடித்தது. ஆறு செ.மீ. கிஸ்ட்.

படி 6: பெயருக்கு ஏற்ற வைத்தியம்

லியோமயோமா சின்னதாக, தொல்லையில்லாமல் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். இடைக்கிடை ஸ்கான் பார்த்துக்கொண்டிருக்கலாம். வளர்ந்தால், விழுங்கத் தடுத்தால், ஐந்து செ.மீ. அளவைத் தாண்டினால் மார்பில் சிறு துளைகள் வழியாக உரித்தெடுப்பார்கள். சின்னவற்றைக் கமரா வழியாகவே படலத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டி எடுக்கும் முறையும் வந்திருக்கிறது. உணவுக்குழாயை வெட்டுவது கடைசி வழி. கிரானுலர் செல்லும் அப்படித்தான். சின்னது என்றால் கண்காணிப்பு, பெரிதானால் கமரா வழியாக வழித்தெடுத்தல்.

கிஸ்ட்டுக்கு வழக்கமான கீமோ பலிக்காது. இதை அறியாமல் 'புற்று என்றால் கீமோ' என்று நாங்கள் மனதைத் தயார்படுத்தியிருந்தோம். இதன் மருந்து இமாட்டினிப் என்ற குளிசை, வழக்கமாக நாளுக்கு 400 மி.கி. கிட் புரதத்தின் ஆளியை அணைத்துவிடும். இரத்தப் புற்றுக்கு வந்த மருந்து இது. 2002-ல் அமெரிக்காவில் கிஸ்ட்டுக்கும் அனுமதி கிடைத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2013-ல் நோவார்ட்டிஸின் காப்புரிமைக் கோரிக்கையைத் தள்ளிய பிறகு, மலிவான இந்தியத் தயாரிப்புகள் தொடர்ந்து வருவது உறுதியானது. பெரிய கட்டியை முதலில் குளிசையால் சில மாதம் சுருக்கி, பிறகு வெட்டினால் வேலை சின்னதாகும். திரும்ப வரும் அபாயம் கூடியவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூன்று வருடம் குளிசை. ஒரு வருடத்தைவிட மூன்று வருடம் மேல் என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. மரபணுச் சோதனை செய்ய வழி இருந்தால் செய்யுங்கள், ஒரு சில மாற்றங்களுக்கு இந்தக் குளிசை வேலை செய்யாது. கண்ணைச் சுற்றி வீக்கம், தசைப்பிடிப்பு, குமட்டல் வரும். சாப்பாட்டோடு, ஒரு பெரிய குவளைத் தண்ணீரோடு குடிக்க வேண்டும். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். மாமாவுக்கு முதல் மாதம் அப்படித்தான் கொடுத்தோம். எவ்வளவு தண்ணீரில் என்று மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுகலப் புற்றில் கத்திக்கு முன்னிடம் இல்லை. நுரையீரல் சிறுகலப் புற்றைப்போல எட்டோபொசைட்டும் சிஸ்பிளாட்டினும், கூடவே கதிர்ச் சிகிச்சை. நம் சனம் 'கரன்ட் பிடிக்கிறது' என்று சொல்வது இதைத்தான். இது வேகமாக ஓடுகிற நோய். இதில் மட்டும் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு அலைந்து கிழமைகளை இழக்காதீர்கள். லிம்போமாவுக்கும் சத்திரசிகிச்சை பொதுவாகத் தேவையில்லை, ரிட்டுக்சிமாப் சேர்ந்த கீமோவுக்கு நல்லாகக் கேட்கும். அதைத் தொடங்க முன் ஹெப்படைட்டிஸ் பி சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். உறங்கும் வைரஸை அந்த மருந்து எழுப்பிவிடும். மெலனோமா பரவாமல் இருந்தால் வெட்டுவார்கள். பரவியிருந்தால் நிவோலுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகள், விலை கையைச் சுடும். கதிர்க்கலப் புற்று பார்க்கப் பூதம்போல இருந்தாலும் சில வேளை ஆழமாகப் போயிருக்காது. சாதாரண உணவுக்குழாய்ப் புற்றைப்போலவே அதற்கு வைத்தியம்.

தொங்கு பொலிப்பை மட்டும் அவசரமாக நினையுங்கள். இருமும்போது வாய்க்குள் ஒரு சதைத்துண்டு வந்து திரும்பிப் போகிறது என்று ஒருவர் சொன்னால் சிரிக்காதீர்கள். அது மூச்சுக்குழாய் வாசலை அடைத்தால் ஆள் நின்ற இடத்திலேயே முடிந்துவிடலாம்.

உணவுக்குழாயை அகற்ற வேண்டி வந்தால் இரைப்பையைக் குழாய்போலத் தைத்து மேலே இழுத்து, மார்பிலோ கழுத்திலோ பொருத்துவார்கள். பெரிய வேலை. தீவிர சிகிச்சைப் பிரிவு, நெஞ்சில் குழாய், தையல் கசியும் ஆபத்து எல்லாம் உண்டு. இதை அடிக்கடி செய்கிற இடத்தில் செய்தால் பிழைப்பு வீதம் அதிகம், இது உலகம் முழுக்கக் கண்ட உண்மை. ஆகவே "இங்கே வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் சேர்?" என்று கேட்கக் கூசவேண்டாம். நான் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை, எண்ணைச் சொன்னார். மாமா அதற்கு முன் ஆறு கிழமை பீடியை விட்டு, பந்து மூன்று மிதக்கும் அந்த மூச்சுப் பயிற்சிக் கருவியை விடிய விடிய இழுத்துக்கொண்டிருந்தார்.

படி 7: கோப்பும் பயணமும்

இங்கிருந்து மட்டக்களப்பு சுமார் 130 கி.மீ. அங்கே போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. கண்டி, அநுராதபுரம், தெல்லிப்பழை, மகரகம அபேக்ஷா எல்லாம் மற்ற வழிகள். எங்கே அனுப்புவது என்பதை டொக்டர் சொல்லட்டும். ஆனால் நெஞ்சுச் சத்திரசிகிச்சை ஓரிடம், கீமோ இன்னோரிடம், கண்காணிப்பு ஊரில் என்று பிரித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். மூன்று கிழமைக்கு ஒருமுறை கொழும்புக்கு 260 கி.மீ. போய்வருவது நோயைவிட ஆளைக் களைக்க வைக்கும்.

ஒரு தடித்த கோப்பு வாங்குங்கள். டயக்னோசிஸ் கார்ட், கமரா ரிப்போர்ட், ஸ்கான் படமும் அதன் இறுவட்டும், நோயியல் ரிப்போர்ட், புளொக் எண், மருந்துத் துண்டு எல்லாம் திகதி வரிசையில். ஒவ்வொன்றையும் தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். எங்கள் கோப்பு ஒருமுறை மழையில் நனைந்து மை ஓடியது, அப்போது அந்தப் படங்கள்தான் காப்பாற்றின. சிங்களம் தெரிந்த ஒருவர் கூட வந்தால் பாதி வேலை முடிந்தது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். வெளியே செய்யும் சோதனைக்கும் பயணத்துக்கும்தான் காசு கரையும். ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் கேட்டுத் தொடக்கத்திலேயே படிவத்தைக் கொடுங்கள்.

இரத்த வாந்தி, எச்சிலைக்கூட விழுங்க முடியாமை, மூச்சு முட்டல் இருந்தால் கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம். 1990-க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

படி 8: சாப்பாடு

மெலிந்த உடம்பில் கத்தியும் மருந்தும் சரிவராது. பெயர் தேடும் வாரங்களிலேயே சாப்பாட்டைக் கவனியுங்கள். காய்ந்த புட்டு, ரொட்டி, முள் மீன், நார் இறைச்சி வேண்டாம். பாலும் தேங்காய்ப்பாலும் விட்ட கஞ்சி, அவித்த முட்டையைச் சொதியில் கரைத்தது, முள் நீக்கி மசித்த சூடை, பருப்பு, வாழைப்பழம், அவகாடோ எல்லாம் இறங்கும். நீர்க்கஞ்சியில் வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. எண்ணெயோ நெய்யோ ஒரு கரண்டி கூடச் சேருங்கள். கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. 65 பாகைக்கு மேல் சூடான பானம் உணவுக்குழாய்க்குக் கெடுதியாக இருக்கலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016-ல் சொன்னது, ஆறவிட்டுக் குடியுங்கள். வாயால் முடியாவிட்டால் மூக்குக் குழாயோ குடலுக்கு நேரே போடும் குழாயோ போடுவார்கள். அது தோல்வி அல்ல, சத்திரசிகிச்சைக்கான எரிபொருள்.

உணவுக்குழாய் அகற்றியவர் மூன்று நேரம் சாப்பிட முடியாது. ஆறு நேரம், ஒவ்வொரு முறையும் கோப்பையளவு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி கழித்துக் குடிப்பது நல்லது. இனிப்பு ஒரேயடியாகச் சாப்பிட்டால் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றால் போகும். படுக்க முன் இரண்டு மூன்று மணி இடைவெளி விட்டு, கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே கல் வைத்து உயர்த்துங்கள். இதை மாமா ஒரு மாதம் கேட்கவில்லை. ஒரு இரவு புளித்தண்ணீர் மூக்கால் வந்த பிறகு தானே கல் தேடிக்கொண்டு வந்தார்.

வீடு திரும்பிய பிறகு, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி சோறு சிக்கத் தொடங்கினால் உடனே 'திரும்ப வந்துவிட்டது' என்று அழாதீர்கள். பெரும்பாலும் தையல் போட்ட இடம் தழும்பாகிச் சுருங்கியிருக்கும். கமரா வழியாகப் பலூன் வைத்து விரித்துவிடுவார்கள், சிலருக்கு இரண்டு மூன்று தடவை தேவைப்படும். மாமாவுக்கு இரண்டு தடவை செய்தார்கள். ஆனால் தழும்புதான் என்று வீட்டிலிருந்தே முடிவெடுக்க வேண்டாம். கோப்பை எடுத்துக்கொண்டு அடுத்த கிளினிக்குக்கே போங்கள்.